மஞ்சள் சிவக்கிறதா, பாருங்கள்!

போன இதழில் பனிக்கால வறட்சி பற்றி எழுதினாலும் எழுதினேன், கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. கேள்வி என்னவோ அநேகமாக ஒன்றேதான். முகம் கழுவியதும் தோல் இழுத்துப் பிடிக்கிறது, எரிகிறது, சிவந்து போகிறது. என்ன சோப்பு போடலாம்? குழந்தைக்கு என்ன போடலாம்?

திருச்சியிலிருந்து ஒரு சகோதரி கொஞ்சம் கோபமாகவே கேட்டிருக்கிறார்: "உறையில் கிரேடு 1 என்று போட்டிருப்பதைத்தான் தேடி வாங்குகிறேன். விலையும் பார்ப்பதில்லை. அப்படியும் எரிந்தால் நான் என்னதான் செய்வது?"

நியாயமான கோபம்தான். ஆனால் அந்த 'கிரேடு' எதைச் சொல்கிறது என்று பார்த்தீர்களா? டி.எஃப்.எம். என்று உறையில் பொடி எழுத்தில் இருக்குமே, அதுதான் விஷயம். சோப்புக் கட்டியில் கொழுப்புச் சத்து நூற்றுக்கு எத்தனை பங்கு என்ற கணக்கு அது. நம் நாட்டுத் தரக் கட்டுப்பாட்டின்படி 76 அல்லது அதற்கு மேல் இருந்தால் கிரேடு 1. 70 இருந்தால் 2. 60 இருந்தால் 3. கிரேடு 1 வாங்கினால் மாவும் களிமண்ணும் சேர்த்த கட்டிக்குக் காசு கொடுக்காமல் அசல் சோப்பு வாங்கினீர்கள் என்று அர்த்தம். அவ்வளவுதான்! அது தோலுக்கு மென்மையானது என்று எங்கேயும் சொல்லவில்லை. அசல் சோப்பே ஒத்துக்கொள்ளாத தோலாக இருந்தால், எவ்வளவு அசலாக இருந்து என்ன பயன்?

சோப்பு அழுக்கை எப்படி எடுக்கிறது என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபமாகப் புரிந்துவிடும். எண்ணெய்ப் பிசுக்கை வெறும் தண்ணீர் தொடாது என்பது பாத்திரம் தேய்க்கிற நமக்குத் தெரியாததா? நடுவில் ஒரு தரகர் வேண்டும். அந்தத் தரகருக்குத் தலை தண்ணீரோடு ஒட்டும், வால் எண்ணெயோடு ஒட்டும். வாலால் பிசுக்கைப் பிடித்துக்கொண்டு தலையால் தண்ணீரோடு போய்விடும். இங்கிலீஷில் சர்ஃபாக்டன்ட் என்கிறார்கள். நாம் 'நுரைச் சரக்கு' என்று வைத்துக்கொள்வோமே. சோப்பும் அதில் ஒரு வகை, ஷாம்புவில் இருப்பதும் அதுதான். சிகைக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் நுரை வருகிறதே, அந்த சபோனினும் இந்த ஜாதிதான்.

தொல்லை எங்கே என்றால், இந்தத் தரகருக்கு நம் எண்ணெய், அந்நிய எண்ணெய் என்ற வித்தியாசம் தெரியாது! நம் மேல்தோல் தலைமுடியின் கனம்கூட இல்லாத மெல்லிய சுவர். செத்த செல்கள் செங்கல் மாதிரி அடுக்கியிருக்க, இடையிடையே கொழுப்புச் சாந்து பூசியிருக்கிறது. உள்ளேயிருக்கிற ஈரம் வெளியே போகாமலும், வெளியிலிருப்பது உள்ளே வராமலும் காப்பது அந்தச் சாந்துதான். கடுமையான நுரைச் சரக்கு பிசுக்கோடு சாந்தையும் சுரண்டிக்கொண்டு போய்விடுகிறது. போதாக்குறைக்கு செங்கல்லுக்குள்ளேயும் புகுந்து ஊறப்பண்ணுகிறது. கழுவினவுடன் 'கீச்' என்று சுத்தமாக இருக்கிற மாதிரி ஓர் உணர்வு வருகிறதல்லவா? அது சுத்தமில்லை, அம்மா. சாந்து போன சுவரின் சத்தம்.

இன்னொன்றும் உண்டு. 1928-ல் ஜெர்மனியில் ஷேட், மார்க்கியோனினி என்று இரண்டு டாக்டர்கள் நம் தோலின் மேல் லேசான புளிப்பாக ஓர் அமிலப் போர்வை இருக்கிறது என்று எழுதினார்கள். பி.ஹெச். என்று அளக்கிறார்களே, அதில் 7 நடுநிலை. குறைந்தால் புளிப்பு, கூடினால் காரம். நம் தோல் ஏறக்குறைய 5. சோப்பு நுரை 9 முதல் 10. சும்மா நாலைந்து படிதானே என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு படியும் பத்து மடங்கு. ஐந்து படி என்றால் லட்சம் மடங்கு! அந்தச் சாந்தைத் தயாரிக்கிற என்சைம்களுக்குப் புளிப்புதான் பிடிக்கும். காரம் ஏறினால் அவை சோம்பிப்போகும், செங்கல்லை உதிர்க்கிற வேறு என்சைம்கள் சுறுசுறுப்பாகிவிடும். திடமான தோல் சில மணி நேரத்தில் பழையபடி சரிப்படுத்திக்கொள்கிறது. கரப்பான் உள்ள குழந்தைக்கும், எதையும் தாங்காத தோல்காரர்களுக்கும் அந்தத் தெம்பு குறைவு. அவர்களுக்கு, பழைய நிலைக்கு வருவதற்குள் அடுத்த குளியல் வந்துவிடுகிறது.

"அப்படியானால் காரமில்லாத சோப்பு செய்துவிட வேண்டியதுதானே?" என்பீர்கள். முடியாது. அசல் சோப்பில் புளிப்பு சேர்த்தால் அது திரிந்துபோய், கொழுப்பு தனியே பிரிந்துவிடும், நுரையே வராது. ஆகவே, பி.ஹெச். 5.5 என்று உண்மையாகவே சொல்லக்கூடிய கட்டி எதுவானாலும், அது சோப்பே அல்ல. சோப்பு உருவில் வந்த வேறு நுரைச் சரக்கு. சின்டெட் என்கிறார்கள். 1957-ல் அமெரிக்காவில் டவ் என்ற பெயரில் வந்தது இந்த ரகம்தான், பி.ஹெச். மட்டும் ஏறக்குறைய 7.

இப்போது ஒரு வேடிக்கை சொல்கிறேன். சோப்பு காரமா இல்லையா என்று அறிய லாபரட்டரி வேண்டாம். அஞ்சறைப் பெட்டி போதும். மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்தால் ஆரத்தி சிவக்கிறதல்லவா? புடவையில் விழுந்த சாம்பார்க் கறை சோப்பு பட்டதும் சிவந்து பயமுறுத்துகிறதே, அதுவும் இதே சங்கதிதான். காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். அரை ஸ்பூன் மஞ்சள் தூளைச் சில சொட்டுத் தண்ணீரில் குழைத்து, வெள்ளைத் தாளில் பூசிக் காயவையுங்கள். வீட்டிலிருக்கிற ஒவ்வொரு சோப்பையும் ஈரக் கையில் நுரைத்து, ஒரு சொட்டு வையுங்கள். செங்கல் நிறத்துக்கு மாறினால் காரம். மஞ்சள் மஞ்சளாகவே நின்றால் காரமில்லை. எங்கள் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேரன் பேத்திகளை வைத்துக்கொண்டு செய்து பார்த்தோம். குளியல் சோப்பு சிவந்தது. 'கிளிசரின்' என்று கண்ணாடி மாதிரி தெரிகிற கட்டியும் சிவந்தது. 'குழந்தைகளுக்கு' என்று படம் போட்ட ஒரு கட்டியும் கூசாமல் சிவந்தது! ஷாம்பு சிவக்கவில்லை. சிகைக்காய்த் தண்ணீரும் சிவக்கவில்லை. (அன்று சாயங்காலம் வரை துவைக்கிற கல்லெல்லாம் மஞ்சளாக இருந்தது வேறு கதை.)

ஆனால், சிவக்காததெல்லாம் சாது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மஞ்சள் காரத்தை மட்டும்தான் காட்டும். சாந்தைச் சுரண்டும் குணத்தைக் காட்டாது. அதற்கு உறையின் பின்பக்கத்தைப் படிக்க வேண்டும். பேரைப் பார்த்து மலைக்காதீர்கள்.

'சோடியம் பாமேட்', 'சோடியம் பாம் கெர்னலேட்' என்று தொடங்கினால் அசல் சோப்பு. 'சோடியம் கோகோயில் ஐசெத்தியோனேட்' என்று தொடங்கினால் சின்டெட், சாது ஜாதி. இவை அநேகமாக 'பேதிங் பார்' என்ற பெயரில்தான் விற்கும். அசல் சோப்பு இல்லாததால் 'டாய்லெட் சோப்' என்று போட்டுக்கொள்ள முடியாது. ஆனால் சோப்பில் மாவைக் கலந்து கொழுப்பைக் குறைத்த மலிவுக் கட்டியும் அதே 'பேதிங் பார்' பெயரில்தான் வருகிறது! ஆகையால் முன்பக்கப் பெயரை நம்பாமல் பின்பக்கம் பாருங்கள்.

பாட்டிலில் வருபவற்றில் 'சோடியம் லாரில் சல்ஃபேட்' கொஞ்சம் முரட்டுப் பேர்வழி. தோல் டாக்டர்கள் சோதனைக்காக வேண்டுமென்றே தோலை எரிச்சல் படுத்த இதைத்தான் எடுக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன். (கான்சர் வருமென்று ஒரு புரளி 1990-களின் கடைசியிலிருந்தே சுற்றுகிறது. அதற்கு ஆதாரமில்லை. எரிச்சல் உண்டு, கான்சர் இல்லை.) 'லாரெத் சல்ஃபேட்' அதன் தம்பி, ஆனால் தலை பெரிது. தலை பெருத்தவன் சந்தில் நுழைய முடியாது அல்லவா? அதனால் சற்று சாது. கூடவே 'கோகமிடோபுரொபில் பீட்டேன்' சேர்ந்திருந்தால் இன்னும் அடங்கிவிடும். நுரைச் சரக்கு தனித்தனியாக அலையும்போதுதான் தோலுக்குள் புகும்; வால்களை உள்ளே வைத்து உருண்டையாகத் திரண்டுவிட்டால் அவ்வளவாகப் புகாது. இரண்டு மூன்று வகை சேர்ந்தால் சீக்கிரம் திரண்டுவிடும். ஆகவே ஒரு பேரை மட்டும் பார்த்து பாட்டிலைத் தூர எறிய வேண்டியதில்லை. அதேபோல, 'சல்ஃபேட் இல்லை' என்று முன்னால் பெரிதாகப் போட்டுவிட்டு, பின்னால் 'ஒலிஃபின் சல்ஃபோனேட்' என்று அதற்குச் சமமான முரடனை வைத்திருப்பதும் உண்டு.

'டெசில் குளுக்கோசைடு', 'கோகோ குளுக்கோசைடு', 'குளுட்டமேட்' என்று முடிகிறவை சாதுக்கள். சாதுக்களிலும் சிலருக்கு ஒவ்வாமை வரும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்கத் தொடுதோல் ஒவ்வாமை டாக்டர்கள் சங்கம் வருடத்துக்கு ஒரு பொருளை 'இந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்' என்று அறிவிக்கிறது. 2004-ல் அந்தப் பீட்டேனையும், 2017-ல் குளுக்கோசைடுகளையும் அறிவித்தது. மிகச் சிலருக்குத்தான். ஆனால் 'மென்மையானது' என்று போட்டதை மாற்றி மாற்றிப் போட்டும் தீராமல் அரிக்கிறவர்கள், அந்தச் சிலரில் தாமும் ஒருவரோ என்று டாக்டரிடம் 'பேட்ச் டெஸ்ட்' கேட்டுப் பார்க்கலாம்.

இதையெல்லாம் யாராவது சோதித்துத்தான் சொன்னார்களா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு: 1979-ல் ஃப்ராஷ், கிளிக்மன் என்ற இரண்டு தோல் டாக்டர்கள் பிலடெல்பியாவில், கடையில் விற்கும் சோப்புகளைக் கரைத்து, சிறு கிண்ணங்களில் ஊற்றி, ஆட்களின் முன்கையில் ஐந்து நாள் கட்டிப் பார்த்தார்கள். சோப்புக்குச் சோப்பு மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். (கிளிக்மன் சிறைக் கைதிகளை வைத்து வருஷக்கணக்கில் பரிசோதனை செய்தவர் என்ற கெட்ட பெயரும் உள்ளவர். அதையும் மறைப்பானேன்.)

சரி, குழந்தைகள் விஷயத்துக்கு வருகிறேன்.

என் தங்கை பெண் சென்னைப் புறநகரில் இருக்கிறாள். போர் தண்ணீர், பக்கெட்டில் வெள்ளையாக உப்புப் படியும். அப்படிப்பட்ட தண்ணீரில் அசல் சோப்பு சுண்ணாம்போடு சேர்ந்து திரிதிரியாகித் தோலிலேயே ஒட்டிக்கொள்ளும் என்பதையும் இங்கேயே சொல்லி வைக்கிறேன். அவள் குழந்தைக்கு ஐந்தாம் மாதம் இரண்டு கன்னமும் தக்காளியாகச் சிவந்து, முழங்கை மடிப்பில் தடித்து, ராத்திரி முழுக்க அரிப்பு. பாவம், குழந்தையும் தூங்கவில்லை, தாயும் தூங்கவில்லை. நான் போன அன்று வீட்டில் பெரிய பஞ்சாயத்து.

"பெரியம்மா, அத்தை பயத்தம் மாவைத் தவிர எதையும் தொட விடமாட்டேங்கறாங்க. தேய்க்கத் தேய்க்கப் புண்ணாகுது. நீங்களாவது சொல்லுங்களேன்."

"நீங்களே சொல்லுங்க சம்பந்தி, நான் மூணு பிள்ளை வளர்த்தேன். ஒண்ணுக்காவது இப்படித் தடிச்சுதா? அந்தப் பாட்டில் தண்ணி வந்தப்புறம்தானே இதெல்லாம்?"

இரண்டு பேரிலும் தப்பு இல்லை. இரண்டு பேர் சொன்னதிலும் பாதி சரி. தோல் டாக்டரம்மா பாட்டிலைத் திருப்பிப் பார்த்தார். நுரைச் சரக்கு என்னவோ சாது ஜாதிதான். ஆனால் வாசனை சேர்த்தது. "மணம் வர்ற எதையும் இந்தத் தோலுக்குப் போடாதீங்க. மாவையும் நிறுத்துங்க" என்றார். மாமியாருக்கு முகம் சுண்டிவிட்டது.

மாவை ஏன் நிறுத்தச் சொன்னார் என்பதை நான்தான் பிறகு உட்கார்ந்து விளக்கினேன். உங்களுக்கும் சொல்கிறேன். நல்ல தோலில் பயத்தம் மாவு குற்றமில்லை. நானே பெரியவளாகும் வரை அதில்தான் குளித்தேன். ஆனால் வெடித்துப் புண்ணான தோல் திறந்த கதவு. சாப்பாட்டுப் பொருள் வாய் வழியாகப் போனால் உடம்பு அதைச் சொந்தமாக நினைக்கிறது. புண் வழியாகப் போனால் திருடன் என்று நினைத்துவிடலாம். ஜப்பானில் கோதுமைப் புரதத்தை உடைத்துச் சேர்த்த ஒரு முகச் சோப்பு வெகு பிரபலமாக விற்றது. அதைத் தேய்த்தவர்களில் 2,000 பேருக்கு மேல் கோதுமை ஒவ்வாமை வந்துவிட்டது. காலமெல்லாம் ரொட்டியும் நூடுல்ஸும் தின்றவர்கள், தின்றதும் இமை வீங்கி, சிலர் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். 2011-ல் அந்தச் சோப்பைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றார்கள். இங்கிலாந்திலும் 2003-ல் ஓர் ஆராய்ச்சி வந்தது: கரப்பான் தோலில் கடலை எண்ணெய் சேர்ந்த க்ரீம் பூசின குழந்தைகளுக்கு வேர்க்கடலை ஒவ்வாமை கூடுதலாக இருந்தது. ஜப்பான் சோப்பில் இருந்தது பக்குவம் செய்த புரதம், நம் வீட்டு மாவும் அதுவும் ஒன்றல்ல. என்றாலும் புண்ணான கன்னத்தில் பயறும் கடலையும் பாதாமும் தேய்ப்பானேன்? ஆறின பிறகு பார்த்துக்கொள்ளலாம். மயிர் உதிர மாவை உருட்டித் தேய்ப்பதும் வேண்டாம். பிறந்த குழந்தையின் பூனைமயிர் தானாகவே உதிர்ந்துவிடும்.

டாக்டரம்மா சொன்ன குளியல் இதுதான். வெதுவெதுப்பான தண்ணீர், புறங்கையில் ஊற்றினால் சூடு தெரியக் கூடாது. ஐந்து நிமிஷம், பத்துக்கு மேல் வேண்டாம். வாசனையில்லாத சாது நுரைச் சரக்கு, அதுவும் உடம்பெல்லாம் அல்ல. கழுத்து மடிப்பு, அக்குள், இடுக்கு, அழுக்குள்ள இடம் மட்டும். மற்ற இடத்துக்குத் தண்ணீரே போதும். நார் வேண்டாம், பீர்க்கங்கூடு வேண்டவே வேண்டாம், கைதான். துண்டால் துடைக்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் முழுக்கக் காயுமுன் இரண்டு மூன்று நிமிஷத்துக்குள் களிம்பு. எழுதிக் கொடுத்த மருந்தைச் சிவந்த இடத்தில் சொன்ன நாள் வரைக்கும். மூன்று வாரத்தில் கன்னம் குழந்தையின் கன்னமாகிவிட்டது. அடியோடு போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். கரப்பான் வந்து வந்து போகிற விருந்தாளி.

மாமியாருக்கு ஒரு சமாதானமும் கிடைத்தது. தேங்காய் எண்ணெய் போடலாமா என்று கேட்டார். தாராளமாக! பிலிப்பைன்ஸில் கரப்பான் உள்ள குழந்தைகளுக்குத் தேய்த்துப் பார்த்து, மினரல் ஆயிலைவிடப் பச்சைத் தேங்காய் எண்ணெய் மேலாக இருந்ததென்று 2014-ல் எழுதியிருக்கிறார்கள். இப்போது குளித்தவுடன் குழந்தைக்கு எண்ணெய் தடவுவது பாட்டியின் உரிமை; மருமகள் குறுக்கே வருவதில்லை. வடக்கே இருக்கிற சகோதரிகள் கடுகெண்ணெயை மட்டும் தவிர்த்துவிடுங்கள், அது காந்தும்.

இப்போதுதான் பிள்ளை பெற்றிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பிறந்த குழந்தையின் மேல் மாவு மாதிரி வெள்ளையாகப் படிந்திருக்கிறதே, அது அழுக்கல்ல, கவசம். உலக சுகாதார நிறுவனம் முதல் குளியலை 24 மணி நேரமாவது தள்ளிப் போடச் சொல்கிறது. பிறந்த சிசுவின் தோல் பெரியவர்கள் தோல் மாதிரி புளிப்பாக இருப்பதில்லை; வாரக்கணக்கில்தான் அந்தப் போர்வை நெய்யப்படுகிறது. அந்தச் சமயத்தில் தினமும் சோப்பு போடாதீர்கள்.

க்ரீமிலும் நுரைச் சரக்கு ஒளிந்திருக்கும் என்பது பலருக்குத் தெரியாது. இங்கிலாந்தில் 'அக்வியஸ் க்ரீம்' என்று ஒன்றைக் கரப்பானுக்கென்றே காலங்காலமாகக் கொடுத்து வந்தார்கள். அதில் அந்த முரட்டு லாரில் சல்ஃபேட் இருந்தது! கழுவிவிட்டால் சரி, பூசி அப்படியே விட்டால்? 2010-ல் பாத் பல்கலைக்கழகத்தில் சோதித்ததில், பூசின இடத்தில் மேல்தோல் மெலிந்து போயிருந்தது. 2013-ல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் எச்சரிக்கை விட்டது. பூசுகிற எதிலும் 'லாரில் சல்ஃபேட்' இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

குழந்தையைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறேன். உங்கள் கை என்ன ஆகிறது? கைக்குழந்தைக்காரிக்குத்தான் ஒரு நாளைக்கு இருபது தடவை கை கழுவ வேண்டியிருக்கிறது. பாத்திரக் கட்டியில் நுரைச் சரக்கோடு சோடாவும் கல் பொடியும் கலந்திருக்கும். மஞ்சள் தாளில் வைத்துப் பாருங்கள், ரத்தமாகச் சிவக்கும். ரப்பர் கையுறை போடுங்கள், உள்ளே பருத்திக் கையுறையோடு. வியர்த்து ஊறினால் அதுவே அரிக்கும். பாத்திரத்துக்கு உட்காருமுன் மோதிரத்தைக் கழற்றி வையுங்கள். மோதிரத்துக்கு அடியில் நுரை தங்கிப்போய் முதலில் அங்கேதான் வெடிக்கும். 'தங்கம் ஒத்துக்கொள்ளவில்லை' என்று பலர் நினைப்பது இதைத்தான். வேலை முடிந்ததும் தேங்காய் எண்ணெயோ வாசலினோ, ராத்திரி படுக்குமுன் இன்னொரு தடவை. ஆற இரண்டு மூன்று நாள் போதாது. மேல்தோல் புதிதாக வளர ஒரு மாதம் ஆகும். நாலு நாள் போட்டுப் பார்த்துவிட்டு "கேட்கவில்லை" என்று எழுதாதீர்கள்!

மஞ்சளாகப் பொருக்குத் தட்டினாலும், நீர் கோத்தாலும், ஜுரம் வந்தாலும் சோப்பை மாற்றிக்கொண்டு உட்காராமல் அன்றைக்கே டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

கண் எரியாத ஷாம்புவால் குழந்தைக்கு உடம்பு குளிப்பாட்டலாமா என்று மதுரை வாசகி கேட்டிருக்கிறார். கண்ணில் எரியாதது அந்தப் பீட்டேன் போன்ற சாதுக்கள் கலந்திருப்பதால். தோலுக்கும் பெரும்பாலும் கெடுதலில்லை. வாசனை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். சிகைக்காய் காரமில்லை என்றால் கண்ணில் பட்டால் ஏன் அப்படி எரிகிறது என்றும் கேட்டிருக்கிறார். அதற்கு அடுத்த இதழில் பதில் எழுதுகிறேன். அதற்குள் மஞ்சள் தாளில் எது எது சிவந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.